விக்டரிக்குக் கயிறு திரித்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் விக்டரி கப்பல் மாடலில் கடைசி ராட்லைன் (மாலுமிகள் ஏறும் படிக்கயிறு) முடிச்சைப் போட்டு, நுனியை வெட்டிவிட்டு, கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். ஆரம்பித்து இருபத்து மூன்று மாதம் ஆகிவிட்டது. நடுவில் ஒரு தடவை மொத்தக் கயிற்றையும் அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து கட்டியிருக்கிறேன். இப்போது பாய்மரங்கள் நிமிர்ந்து நிற்கின்றன, இரண்டாவது மழைக்காலத்தையும் தாண்டிவிட்டன. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன். பிளாஸ்டிக் பாய்க்கப்பல் கிட் ஒன்றைக் கையில் எடுக்கப் போகிறவருக்கு, நான் எங்கெங்கே தப்பான வழியில் போனேன் என்பதாவது பயன்படும்.

கோவையில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பகலெல்லாம் காயில் சுற்றுவதுதான் வேலை. சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சான் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கொடுத்து, "மாமா, உங்க கைக்கு இது சரியா இருக்கும்" என்றார். உள்ளே எச்.எம்.எஸ். விக்டரி என்ற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாடல், 1:100 அளவில். 1765-ல் இங்கிலாந்தின் சாத்தமில் கடலில் இறக்கிய கப்பல் அது. 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் கடற்சண்டையில் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் சுடப்பட்டது இதன் பின்மேடையில்தான். 1922 முதல் போர்ட்ஸ்மத்தில் உலர்துறையில் நிற்கிறது. 1:100 என்பது எனக்கு மிகவும் வசதியாகப் போயிற்று. நிஜத்தில் ஒரு மீட்டர் என்றால் மாடலில் ஒரு சென்டிமீட்டர், கணக்குப் போடக் காகிதமே வேண்டாம். பீரங்கித் தளத்தின் நீளம் 186 அடி, அதாவது 56.7 மீட்டர். என் மேசையில் 56.7 செ.மீ.

பெட்டியில் இருப்பதை அப்படியே ஒட்டினாலும் அழகான கப்பல்தான் கிடைக்கும். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தாலே பொம்மை என்று தெரிந்துவிடும். அச்சில் ஊற்றும் பிளாஸ்டிக்கில் சில விஷயங்கள் வரவே வராது: பலகையின் தடிமன், குழாயின் ஓட்டை, கயிற்றின் முறுக்கு. இந்த மூன்றைச் சரிசெய்தால் போதும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

முதல் இரண்டு வாரம் எதையும் ஒட்டவில்லை, படம் பார்த்தேன். அதிலேயே ஒரு சிக்கல். இன்றைக்கு இருக்கும் விக்டரியும் 1805-ல் சண்டை போட்ட விக்டரியும் ஒன்றல்ல. படங்களில் தெரியும் கீழ்ப் பாய்மரங்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஷா என்ற இன்னொரு போர்க்கப்பலிலிருந்து எடுத்து வைத்த இரும்பு மரங்கள். 2011-ல் பழுதுபார்ப்புக்காக மேல் மரங்களையும், பாய் கட்டும் குறுக்குக் கட்டைகளான பருமல்களையும் கழற்றிவிட்டார்கள், அதனால் அதற்குப் பிறகு எடுத்த படங்களில் கப்பல் மொட்டையாக இருக்கும். 2015-ல் வண்ணமும் மாறியது. பழைய பெயிண்ட் அடுக்குகளைச் சுரண்டி ஆராய்ந்து, டிரஃபால்கர் காலத்து மஞ்சள் நாம் படங்களில் பார்த்துப் பழகிய அடர் மஞ்சள் இல்லை, வெளிறிய, கொஞ்சம் இளஞ்சிவப்பு கலந்த நிறம் என்று கண்டுபிடித்து, அதையே அடித்தார்கள். ஆக, கயிறுக்கு 2011-க்கு முந்தைய படம், நிறத்துக்கு 2015-க்குப் பிந்தைய படம் என்று இரண்டு உறைகளில் பிரித்து வைத்துக்கொண்டேன். இதைச் செய்யாமல் இறங்கியிருந்தால் பாதியில் குழம்பியிருப்பேன்.

உடற்பகுதி இரண்டு பாதியாக வரும். ஒட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, கப்பலின் அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடும் ஏராக்கட்டைக்கு உள்ளே, பின்னாளில் ஸ்டாண்டில் மாட்டுவதற்கு இரண்டு எம்5 நட்டுகளை எபாக்சிப் பசையில் பதித்துவிடுவது. இரண்டு, பக்கவாட்டில் வளையாமல் இருக்கக் குறுக்குச் சட்டங்கள் வைப்பது. 4 எம்.எம். பிளைவுட்டில் ஐந்து சட்டம் வெட்டி வைத்தேன். கையில் பிடித்து அழுத்தினால் முன்பு வாளி மாதிரி உள்ளே போகும், இப்போது அசையாது.

அடுத்தது பீரங்கி வாசல்கள். நிஜக் கப்பலின் நீர்மட்டத்துப் பக்கச்சுவர் இரண்டடி தடிமன். 1:100-ல் 6 எம்.எம். வர வேண்டும். பிளாஸ்டிக்கோ ஒன்றரை எம்.எம்.தான். வாசல் வழியாகப் பார்த்தால் தகர டப்பாவில் ஜன்னல் வெட்டிய மாதிரி இருக்கும். ஒவ்வொரு வாசலின் உள்பக்கமும் 0.5 எம்.எம். ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் 4.5 எம்.எம். அகலப் பட்டை வெட்டி, நான்கு ஓரமும் ஒட்டிச் சட்டம் கட்டினேன். ஒரு வாசலுக்கு நான்கு துண்டு, ராத்திரிக்கு ஆறு வாசல் என்று போயிற்று. உள்பக்கம் செங்காவி அடித்தேன். இந்த ஒரு வேலையில் கப்பலுக்கு வந்த கனம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. முழுக் கிட்டையும் மாற்ற நேரமில்லை என்பவர் இதை மட்டும் செய்தால்கூடப் போதும் என்பேன்.

பீரங்கிகள் 104. கீழ்த்தளத்தில் 32 பவுண்டு குண்டு போடுபவை 30, நடுத்தளத்தில் 24 பவுண்டு 28, மேல்தளத்தில் 12 பவுண்டு 30, பின்மேடையில் 12, முன்மேடையில் 2, அங்கேயே கரோனேடு என்கிற குட்டையான 68 பவுண்டு பீரங்கி 2. குழாய்கள் இரண்டு பாதியாக வருவதால் வாய் சரியாக உருண்டிருக்காது. ஒட்டி, காயவிட்டு, தையலைத் தேய்த்துவிட்டு வாயைத் துளைத்தேன். 32 பவுண்டுக்கு வாய் விட்டம் நிஜத்தில் 6.4 அங்குலம், எனவே 1.6 எம்.எம். பிட். 24 பவுண்டுக்கு 1.5, 12 பவுண்டுக்கு 1.2, கரோனேடுக்கு 2. முதல் பத்தைக் கையால் பிடித்துத் துளைத்ததில் நான்கு கோணிப்போயின. பிறகு ஒரு அலுமினியத் துண்டில் குழாய் இறுக்கமாக உட்காருகிற மாதிரி ஒரு துளையும், அதற்கு நேர் மேலே பிட் இறங்க ஒரு துளையும் போட்டு ஜிக் செய்துகொண்டேன். அப்புறம் ஒன்றுகூடத் தவறவில்லை. ஜிக்கைப் பத்தாவது பீரங்கிக்குப் பிறகு இல்லாமல் முதல் பீரங்கிக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

அடிப்பகுதியில் செப்புத் தகடு. விக்டரிக்கு 1780-ல் முதன்முதலாகச் செப்புத் தகடு போர்த்தினார்கள், மரத்தைக் கடற்புழு தின்னாமல் இருக்க. ஒரு தகடு 4 அடிக்கு 14 அங்குலம். அதாவது மாடலில் 12.2 எம்.எம்.க்கு 3.6 எம்.எம். நான் புழங்குவதே செம்பில், அதனால் நிஜச் செம்பையே போடலாமே என்று ஆசை வந்துவிட்டது. ஒட்டும் செப்பு டேப் வாங்கி, வெட்டி, ஆறு வரிசை ஒட்டினேன். மூன்று வாரம். ஏப்ரல் வெயிலில் பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே இருந்ததில் பசை இளகி ஓரங்கள் தூக்கிக்கொண்டன. அதைவிட, தள்ளி நின்று பார்த்தால் மீன் செதில் மாதிரி மின்னியது. நூறு மடங்கு சிறிதான கப்பலில் ஒவ்வொரு தகட்டின் விளிம்பும் கண்ணுக்குத் தெரியக் கூடாது. எல்லாவற்றையும் உரித்து எடுத்துவிட்டு, அச்சிலேயே இருந்த கோடுகளின் மேல் பெயிண்ட் அடித்தேன். கடல் தண்ணீரில் கிடக்கும் செம்பு பூஜை அறைச் சொம்பு மாதிரி பளபளக்காது, பழைய பித்தளைக் குடத்தின் அடி மாதிரி பழுப்பேறிக் கிடக்கும். அடர் பழுப்பில் கொஞ்சம் செப்பு நிறம் கலந்து அடி வண்ணம், நீர்மட்டத்தை ஒட்டி உலர்ந்த பிரஷ்ஷில் லேசாகப் பச்சை. இரண்டே நாள் வேலை.

தளத்தின் பலகைக்கு வெளிறிய சாம்பல் கலந்த கிரீம் அக்ரிலிக் அடித்து, ஒரு நாள் விட்டு, டர்பன்டைனில் மிகவும் கரைத்த பழுப்பு ஆயில் பெயிண்டைப் பூசி, துணியால் பலகையின் நீளவாக்கில் துடைத்தேன். கோடுகளில் மட்டும் பழுப்பு தங்கும். தேக்கு மேசை மாதிரி செக்கச் செவேலென்று அடிக்க வேண்டாம். தினமும் கல்லால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய்ந்த தளம் வெளுத்துத்தான் இருக்கும்.

இந்தக் கட்டத்தில் எனக்கு ஒரு விபத்து. ஒரு ராத்திரி, தளத்தில் ஒட்டிய சிறு இணைப்பு ஒன்று உறுதியாக இருக்கட்டுமே என்று காயிலுக்குப் போடும் இன்சுலேஷன் வார்னிஷை ஒரு துளி வைத்தேன். காலையில் பார்த்தால் அந்த இடத்தில் தளம் குழைந்து, பத்துப் பைசா அளவுக்குக் குழி விழுந்திருந்தது. வார்னிஷில் இருக்கும் தின்னர் கிட்டின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். தினமும் வாசனை பிடிக்கிற பொருள்தானே என்று யோசிக்காமல் விட்டுவிட்டேன். புட்டி வைத்துத் தேய்த்து, மேலே ஒரு படகை வைத்து மறைத்திருக்கிறேன். இப்போதும் எனக்கு அந்த இடம்தான் முதலில் கண்ணில் படும்.

சரி, இனிப் பாய்மரம். எல்லாக் குழப்பமும் இங்கேதான் ஆரம்பம்.

நிஜத்தில் நடுப் பாய்மரத்தின் உச்சி தண்ணீரிலிருந்து 205 அடி உயரம். மாடலில் 62 செ.மீ. பென்சில் பருமனில் ஆரம்பித்து மேலே போகப் போக ஈர்க்குச்சியாக ஒடுங்குகிற பிளாஸ்டிக். அதை அப்படியே ஒட்டி நிறுத்தினேன். ஷ்ரவுட் என்கிற பக்கக் கயிறுகள், ஸ்டே என்கிற முன்கயிறுகள் எல்லாவற்றையும் கிட்டில் வந்த நூலிலேயே கட்டினேன். நன்றாக இழுத்து, வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக. அக்டோபர் முதல் வாரத்தில் முடிந்தது. வீட்டில் எல்லோரும் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள்.

நவம்பரில் ஒரு வாரம் விடாத மழை. பட்டறைச் சுவரெல்லாம் ஓதம். ஒரு நாள் காலையில் கப்பலைப் பார்க்கிறேன், முன் பாய்மரத்தின் மேல்பகுதி கப்பலின் முன்முனையான அணியத்தை நோக்கி வில்லாக வளைந்திருக்கிறது. நடு மரம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு அளந்தேன்: உச்சியில் 9 எம்.எம். விலகல்.

காரணம் இரண்டு. பருத்தி நூல் ஈரத்தில் இழைகள் உப்பி நீளத்தில் சுருங்கும். அதனால் மழைக்கு எல்லாக் கயிறும் இன்னும் இறுகிவிட்டன. பிளாஸ்டிக்கோ தொடர்ந்து ஒரு பக்கம் இழுபட்டால் மெதுவாக அந்தப் பக்கமே வளைந்து நின்றுவிடும். மழை விட்டு நூல் காய்ந்து தொய்ந்த பிறகும் மரம் நிமிரவில்லை. வெந்நீர்த் துணி சுற்றி நிமிர்த்திப் பார்த்தேன், இரண்டே நாளில் பழையபடி ஆயிற்று. ஒரு வாரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பிளேடை எடுத்து எல்லாக் கயிற்றையும் அறுத்தேன். ஆறு மாத வேலை ஒரு மணி நேரத்தில் குப்பைக்கூடைக்குப் போயிற்று.

இரண்டாம் முறை மரத்தை முதலில் பலப்படுத்தினேன். கீழ் மரங்கள் இரண்டு பாதியாக வருபவை. உள்ளே 4 எம்.எம். பித்தளைக் கம்பியை எபாக்சியில் பதித்து மூடினேன். கம்பி தளத்துக்குக் கீழே 5 செ.மீ. இறங்கி, ஏராக்கட்டைக்கு மேல் வைத்த மரக்கட்டையில் துளைத்து உட்காரும். மேல் மரங்களை பிளாஸ்டிக்கில் விடவே இல்லை, மூங்கிலில் புதிதாகச் செய்தேன். கபாப் குத்தும் மூங்கில் குச்சி, 4 எம்.எம்., நூறு குச்சி 90 ரூபாய். கை டிரில்லில் மாட்டிச் சுழற்றி, 120 நம்பர் உப்புத்தாளில் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் கூம்பாக ஒடுங்கும், கடைசியாக 400 நம்பரில் ஒரு தேய்ப்பு. கணு வராத குச்சியாகப் பொறுக்க வேண்டும், நூற்றில் முப்பதுதான் தேறியது. பருமல்களில் சின்னவையும் மூங்கில்தான். பெரியவை, அதாவது 31 செ.மீ. வரும் நடுக் கீழ்ப்பருமல் மாதிரியானவை, பிளாஸ்டிக்கே. ஆனால் உள்ளே 2 எம்.எம். கம்பி ஓடுகிறது.

நிறத்தில் ஒரு சின்ன விஷயம். பாய்மரத்தில் இருக்கும் இரும்பு வளையங்களைக் கறுப்பாக அடிப்பதுதான் பலருக்கும் பழக்கம். டிரஃபால்கருக்கு முன் நெல்சன் தன் கப்பல்களின் வளையங்களையும் மஞ்சள் அடிக்கச் சொன்னார், எதிரிக் கப்பல்களின் வளையங்கள் கறுப்பு என்பதால், புகையில் யார் எவர் என்று தெரிய. அதனால் என் விக்டரியின் மரமும் வளையமும் ஒரே மஞ்சள்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. கயிறு.

கடையில் விற்கிற நூலைக் கட்டினால் நூலாகத்தான் தெரியும், கயிறாகத் தெரியாது. கயிறு என்றால் மூன்று புரி ஒன்றையொன்று தழுவிக்கொண்டு சாய்வாக ஓட வேண்டும். நாமே திரித்தால்தான் அது வரும். மூன்று கொக்கி வைத்த சின்ன கியர்பாக்ஸ் ஒன்றை, பழைய பொம்மை மோட்டாரின் பற்சக்கரங்களை வைத்துச் செய்தேன். எதிர்ப்பக்கம் சுழலும் ஒற்றைக் கொக்கி. பட்டறையின் நீள மேசையில் 2.4 மீட்டர் இடைவெளி. நூலுக்கு பாலியெஸ்டர் தையல் நூல், 120 நம்பர். ஈரத்துக்கு அசையாது.

முதல் நாள் திரித்த கயிறு கொக்கியிலிருந்து எடுத்ததும் பிரிந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஒரு இடத்தில் தடித்தும் ஒரு இடத்தில் மெலிந்தும் முண்டு முண்டாக வந்தது. என்ன தப்பு என்று புரியவில்லை. அந்த வாரம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னங்கயிறு ஆலைக்கு மோட்டார் மாட்டப் போனேன். வேலையை முடித்துவிட்டு அங்கே கயிறு திரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று புரிக்கும் நடுவே வரி வெட்டிய ஒரு மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு அக்கா மெதுவாக நடந்து போனார்.

"ஏனுங்க அக்கா, இந்தக் கட்டை எதுக்குங்க?"

"இது இல்லாட்டி மூணு புரியும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குங்க தம்பி. கட்டை நகர நகரத்தான் பின்னால கயிறு விழும். அவசரப்பட்டா முண்டு விழுந்துரும்."

அவர் கையில் முறுக்கு ஏறிய புரியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். விறைத்துத் துடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் இரண்டு விஷயமும் விளங்கியது. ஒன்று, அந்தக் கட்டை வேண்டும். இரண்டு, புரிக்குள் ஏற்கெனவே இருக்கும் முறுக்கை இன்னும் ஏற்ற வேண்டும், பிரிக்கக் கூடாது. தையல் நூல் கடையிலிருந்து வரும்போதே வலப்பக்க முறுக்கோடு வருகிறது. நான் மோட்டாரை இடப்பக்கம் ஓட்டி, அதை அவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். திரும்பி வந்து, வேப்பங்கட்டையில் மூன்று வரி வெட்டிய கூம்பு ஒன்று செய்து, மோட்டாரின் இரண்டு வயரை மாற்றிப் போட்டேன். அடுத்த கயிறு கையை விட்டதும் மேசையில் அப்படியே கிடந்தது, பிரியவில்லை. 2.4 மீட்டர் நூல் போட்டால் 1.75 மீட்டர் கயிறு கிடைக்கும், மீதி முறுக்கில் போய்விடும்.

அளவு பார்ப்பது என் தொழிலில் தெரிந்த வழிதான். நூலை மைக்ரோமீட்டரில் வைத்தால் நசுங்கிப் பொய் சொல்லும். ஒரு கம்பியில் இருபது சுற்று நெருக்கமாகச் சுற்றி, சுற்றிய அகலத்தை இருபதால் வகுக்க வேண்டும். ஒற்றை நூல் 0.2 எம்.எம். மூன்று நூல் திரித்தால் 0.43. அப்படி மூன்று கயிற்றை மறுபடி திரித்தால் 0.93. அதையும் மூன்று எடுத்துத் திரித்தால் 2 எம்.எம். ஒவ்வொரு தடவையும் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே போகிறது. இதில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கீழ் ஷ்ரவுட்டுக்கு வேண்டியது 0.9 எம்.எம். நங்கூரக் கயிறு நிஜத்தில் சுற்றளவு 24 அங்குலம், விட்டமாக மாற்றி நூறால் வகுத்தால் 1.94 எம்.எம். இரண்டும் தானாகவே பொருந்திவிட்டன. அதோடு, ஒவ்வொரு தடவை திரிக்கும்போதும் முறுக்கின் திசை மாறும். கப்பலின் சாதாரணக் கயிறு வலமுறுக்கு. நங்கூரக் கயிறு அப்படிப்பட்ட மூன்று கயிற்றைச் சேர்த்துத் திரித்த இடமுறுக்கு. ஒன்பது நூல் போட்ட என் ஷ்ரவுட் வலமாகவும், இருபத்தேழு நூல் போட்ட நங்கூரக் கயிறு இடமாகவும் விழுந்தன, நிஜத்தில் எப்படியோ அப்படியே. லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும்.

திரித்த கயிற்றைத் தேன்மெழுகில் இழுத்து, மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வேகமாக ஓட்டினால் பஞ்சு மாதிரி நிற்கும் பிசிறு அடங்கிவிடும். கிட்டே போனால் பாலியெஸ்டர் உருகி அறுந்துவிடும், நான்கு கயிறு அப்படிப் போயிற்று. மரத்தைத் தாங்கும் நிலையான கயிறுகளுக்கு நிஜத்தில் தார் பூசியிருப்பார்கள், அதற்குக் கருமை கலந்த பழுப்பு நூல். பாயையும் பருமலையும் இழுக்கும் கயிறுகளுக்குச் சணல் நிறம். எல்லாவற்றையும் கன்னங்கரேலென்று கட்டிய முதல் முறையை விட இப்போது எந்தக் கயிறு என்ன வேலை செய்கிறது என்று நிறத்திலேயே தெரிகிறது.

ஷ்ரவுட்டின் அடியில் வரும் மூன்று கண் வைத்த டெட்ஐ உருண்டைகளுக்கு இரும்புப் பட்டி போட, பட்டறையில் கிடக்கும் 26 கேஜ் செப்புக் கம்பி. 0.45 எம்.எம்., அளவெடுத்த மாதிரி. எனாமலைச் சுரண்டிவிட்டால்தான் பெயிண்ட் பிடிக்கும். மேல் உருண்டைக்கும் கீழ் உருண்டைக்கும் இடைவெளி எல்லாவற்றிலும் ஒரே அளவாக வர, கம்பியை 'ப' மாதிரி வளைத்து, இரு நுனியும் இரண்டு உருண்டைகளின் கண்ணில் நுழைகிற மாதிரி ஒரு ஜிக். அதை மாட்டிக்கொண்டு கட்டினால் வரிசை கோடு போட்ட மாதிரி நிற்கும். இறுக்கமும் இந்த முறை வேறு: கயிறு நேராகும் வரைதான் இழுத்தேன், அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட இல்லை.

ராட்லைன் என்பது மாலுமிகள் ஏறுவதற்காக ஷ்ரவுட்டுகளுக்குக் குறுக்கே கட்டும் படிக்கயிறு. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் சுமார் 13 அங்குலம், மாடலில் 3.3 எம்.எம். 0.15 எம்.எம். வரும் மெல்லிய எம்பிராய்டரி நூல். ஓரத்து ஷ்ரவுட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் க்ளோவ் ஹிட்ச் முடிச்சு. முதல் பக்கத்தை மூன்று வாரத்தில் முடித்து, பெருமையாகத் திருப்பி வைத்தேன். பத்தாவது படிக்கும் மகள் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கே" என்றாள். உண்மைதான். ஒவ்வொரு முடிச்சையும் கொஞ்சம் கொஞ்சம் இறுக்கியதில் ஓரத்து ஷ்ரவுட்டுகள் உள்ளே இழுபட்டு, உடுக்கை மாதிரி ஆகிவிட்டது. அறுபதுக்கு மேற்பட்ட வரிசையையும் அறுத்தேன்.

மறுபடி கட்டும்போது, 3.3 எம்.எம். இடைவெளியில் கோடு போட்ட வெள்ளை அட்டையை ஷ்ரவுட்டுக்குப் பின்னால் செருகி, ஓரத்து இரண்டு ஷ்ரவுட்டையும் அட்டையில் கிளிப் போட்டுப் பிடித்துக்கொண்டேன். ஓரத்திலிருந்து போகாமல் நடுவில் முதல் முடிச்சைப் போட்டு இரண்டு பக்கமும் விரிந்தேன். ஒவ்வொரு முடிச்சுக்கும் இடையில் நூல் லேசாகத் தொய்யும்படி விட்டேன். நிஜக் கயிறும் ஆள் ஏறி ஏறித் தொய்ந்துதான் இருக்கும். தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு பொட்டு. சூப்பர் க்ளூ போட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும், கறுப்புக் கயிற்றில் அது போகவே போகாது. மணிக்கு எனக்கு எழுபது முடிச்சு ஆயிற்று. ராத்திரி ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் பதினொன்றுக்கு எழுந்துவிடுவேன், அதற்கு மேல் கண் ஒத்துழைக்காது. இந்த வேலைக்கு மட்டும் நான்கரை மாதம்.

பாய்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் பாயைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன். மல் துணியில் தைத்துப் பார்த்தேன், இழை தடித்துக் கோணி மாதிரி தெரிந்தது. கடைசியில் மெல்லிய டிஷ்யூ தாளைத் தேநீரில் நனைத்துக் காயவைத்து, நீர்த்த ஃபெவிகாலோடு சுருட்டிப் பருமலில் கட்டினேன். முழு உயரத்துக்கு வெட்டினால் சுருட்டியதும் மெத்தை மாதிரி உப்பும், அதனால் மூன்றில் ஒரு பங்கு உயரம்தான் வெட்டினேன். பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டால் அதற்கேற்ப மேல்பருமல்களைக் கீழே இறக்கி வைக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. பாய் விரித்தால்தான் அந்தப் பருமல் மேலே ஏறும். சுருட்டிய பாயோடு உச்சியில் நிற்கிற மாடல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும்.

செலவு. கிட் அன்பளிப்பு, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அக்ரிலிக்கும் ஆயிலும் சேர்த்துப் பெயிண்ட் 2,350 ரூபாய். ஸ்டைரீன் தகடு 900. பித்தளைக் கம்பி 640. சர்க்யூட் போர்டு துளைக்கும் சின்ன பிட்கள் இரண்டு செட் 520, அதில் ஏழு உடைந்தன. வீணாய்ப் போன செப்பு டேப் 780. நூல் கண்டுகள் பதினாலு, 630. எபாக்சி, பசை, உப்புத்தாள் 1,100. மூங்கில் 90. தேன்மெழுகு 100 கிராம் 110. மொத்தம் 7,120. இதில் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய மாற்றத்தைக் கொடுத்தது நூல்தான்.

அடுத்த கப்பல் என்று ஒன்று வந்தால் வரிசையை மாற்றுவேன். கயிற்றையெல்லாம் முதல் மாதமே திரித்து, அளவு எழுதி, குழாயில் சுற்றி வைத்துவிடுவேன். இப்போது ஒவ்வொன்றுக்கும் நடுவில் எழுந்து போய்த் திரித்ததில் நிறம் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கிறது. பெரிய பருமல்களையும் பிளாஸ்டிக்கில் விடமாட்டேன். கப்பியெல்லாம் மரத்தில் செய்வேன், கிட்டில் வந்த கப்பிகளின் பள்ளத்தில் 0.43 கயிறு சரியாக உட்காரவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்கு அளவு கொடுத்தாயிற்று: நீளம் 115, அகலம் 45, உயரம் 90 செ.மீ. அது வருவதற்குள் ஒரு வேலை பாக்கி. நங்கூரக் கயிறு 2 எம்.எம். பருமனில் கம்பி மாதிரி விறைத்து நிற்கிறது. நிஜத்தில் அவ்வளவு கனமான கயிறு தன் பாரத்தில் தொங்க வேண்டும். நீர்த்த பசையில் நனைத்து, நுனியில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தேன், அந்த வளைவு வந்துவிட்டது. வலப்பக்க நங்கூரத்துக்குப் போட்டாயிற்று. இடப்பக்கத்துக்கு எடுத்தால் 11 செ.மீ. குறைகிறது. ஒட்டுப் போட மனம் வரவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி இருபத்தேழு நூல்.